ஸ்கொலர்சிப் வருஷம்: எந்தப் பள்ளிக்கூடம் என்பதை முதலில் பேசி முடியுங்கள்

எங்கள் மகள் 2025 ஆகஸ்ட் 10ஆம் திகதி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். நாங்கள் இருப்பது இலங்கையில், யாழ்ப்பாண மாவட்டத்துத் தென்மராட்சியில். அடுத்ததாகப் பிள்ளையை எழுத வைக்கப்போகிற சொந்தக்காரர், அயலவர் என்று பலபேர் "எங்கே ரியூசனுக்கு விட்டீர்கள், எத்தனை மணி வரைக்கும் இருத்திப் படிப்பித்தீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடிவதாக இல்லை, அதனால் எழுதுகிறேன். அவள் எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் மிச்சக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள்.

ரியூசன் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பரீட்சை எதைத் தீர்மானிக்கிறது என்று பார்ப்போம். 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில் இது வந்தபோது நோக்கம் தெளிவாக இருந்தது: கிராமத்திலே கெட்டித்தனமாக இருக்கிற ஏழைப் பிள்ளையை உதவிப்பணம் கொடுத்து மத்திய கல்லூரிக்கு அனுப்புவது. இன்றைக்கும் பரீட்சை அந்த இரண்டு வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அவை தனித்தனியாகிவிட்டன. ஒன்று, மாவட்ட வெட்டுப்புள்ளி. இது மாவட்டத்துக்கு மாவட்டம், தமிழ்மொழி மூலம் சிங்களமொழி மூலம் என்று வேறுபடும். அதைத் தாண்டிய பிள்ளையின் குடும்பத்துக்கு வருமானம் குறைவாக இருந்தால் மாதாந்த உதவிப்பணம் கிடைக்கும். 750 ரூபாயாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். இரண்டாவது, பாடசாலை வெட்டுப்புள்ளி. ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகளை எடுக்கிற ஒவ்வொரு பெரிய பாடசாலைக்கும் இது தனியாக இருக்கும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் மாதிரியான இடங்களுக்கு மாவட்ட வெட்டுப்புள்ளியை மட்டும் தாண்டினால் போதாது, அதற்கு எவ்வளவோ மேலே நிற்க வேண்டும்.

2025இல் நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் 50,000ஐ ஒட்டித்தான். அதாவது, ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் இருபத்தைந்து பேர் அளவுக்கு அதைத் தாண்டுவதில்லை. அந்த இருபத்தைந்து வீட்டிலும் ஒரு வருஷமாக நடந்ததும் இதே பாடுதான்.

நாலாம் ஆண்டுக் கடைசி விடுமுறையிலேயே நானும் கணவரும் இருந்து பேசினோம். பெரிய பாடசாலை கிடைத்தால் அனுப்புவோமா? இங்கிருந்து யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஏ9 வீதியில் காலை பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும், பிள்ளை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், ரியூசனும் முடித்து வீடு வரும்போது இருட்டிவிடும். கணவரின் அக்கா நகரத்தில் இருக்கிறார். "என்னட்ட விடுங்கோ, நான் பாப்பன்" என்றார், நல்ல மனசோடு. கணவருக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. ஆனால் பத்து வயதில் அவளை இன்னொரு வீட்டில் விட எனக்கு விருப்பமில்லை. இரண்டு மூன்று இரவு பேசிய பிறகு அவரும் ஒத்துக்கொண்டார். தென்மராட்சிக்குள்ளேயே, சாவகச்சேரியில் நல்ல பாடசாலைகள் இருக்கின்றன, அங்கேயே போகட்டும்.

அந்த முடிவுதான் வருஷம் முழுக்க எங்களைக் காப்பாற்றியது. நகரத்துப் பெரிய பாடசாலையை விட்டுவிட்டோம் என்றதும் இன்னும் இருபது முப்பது புள்ளிக்காகச் செய்கிற அந்த இரவுநேரப் பாடு தேவையில்லாமல் போய்விட்டது. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அவளுக்குச் சந்தோஷம், தாண்டாவிட்டாலும் போகிற பள்ளிக்கூடம் மாறாது. உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். பெரிய பாடசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர்கள், விடுதியில் விடத் தயாரானவர்கள், அல்லது ஊரில் ஆறாம் தரத்துக்கு மேல் சரியான பள்ளிக்கூடமே இல்லாதவர்கள் மும்முரமாக ஓடுவதில் நியாயம் இருக்கிறது. கிடைத்தாலும் அனுப்பப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே பிள்ளையை 180 புள்ளிக்கு விரட்டுகிற வீடுகளைத்தான் எனக்கு விளங்கவில்லை. அது யாருக்காக?

ரியூசன். ஆம், விட்டோம். ஒரே ஒரு இடத்துக்கு. ஊரில் சில பிள்ளைகள் கிழமை நாளில் ஒரு இடம், சனி ஞாயிறில் இன்னொரு இடம், இடையில் வீட்டுக்கு வரும் ஆசிரியர் என்று மூன்று இடம் போனார்கள். மூன்று இடத்திலும் அதே கடந்தகால வினாத்தாள். நாங்கள் விட்ட இடத்தில் கிழமைக்குக் கிழமை மாதிரி வினாத்தாள் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகக் காசு. கொடுக்கிற வேகத்தில் திருத்திக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. சரி போட்டு, பிழை போட்டு, புள்ளியை மேலே எழுதித் தருவார்கள். ஏன் பிழைத்தது என்பது பிள்ளைக்குத் தெரியாமலே அடுத்த தாள் வந்துவிடும்.

அதனால் வீட்டில் ஒரு பிழைக் கொப்பி போட்டோம். பிழைத்த கேள்வியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் அவளே சரியான வழியை எழுத வேண்டும். முதல் மாதம் கொப்பி வேகமாக நிரம்பியது. பிறகு பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தவை நாலைந்து வகைதான்: கண்ணாடியில் தெரிகிற உருவம், மணிக்கூட்டு முள்ளின் கோணம், "ராமுவின் அப்பாவின் ஒரே மகளின்" என்று தொடங்குகிற உறவுமுறைக் கணக்கு, கிழமை நாள் கண்டுபிடிக்கிற கணக்கு. உறவுமுறைக் கணக்கை எங்கள் குடும்பத்து ஆட்களின் பெயரைப் போட்டு நானே செய்து கொடுத்தேன். சிரித்துச் சிரித்துச் செய்தாள். அந்த வகை அதோடு சரியாகிவிட்டது. ஐம்பது வினாத்தாள் செய்வதைவிட இருபதைச் செய்து, பிழைத்ததை எல்லாம் திரும்பப் பார்ப்பது மேல் என்பது என் எண்ணம். ரியூசன்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், வினாத்தாள் வருகிற ஒழுங்கு. முதலாம் வினாத்தாள் நுண்ணறிவு, 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் வரும், ஒன்றேகால் மணித்தியாலம். பெயரைப் பார்த்து முதலாவதைத்தான் முதலில் கொடுப்பார்கள் என்று நினைப்போம். பரீட்சையன்று காலை 9.30க்கு இரண்டாம் வினாத்தாள்தான் முதலில் வந்தது. அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு 11.15க்கு முதலாம் வினாத்தாள். நீளமான தாளை எழுதிக் கை நொந்து, தலை களைத்துப்போன நேரத்தில்தான் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று ஓட வேண்டிய தாள் வருகிறது. வகுப்பாசிரியை இதைத் தை மாதமே சொல்லிவிட்டார். வீட்டில் பயிற்சி எடுக்கும்போது அதே ஒழுங்கில், அதே நேரத்தில், இடையில் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து எழுத வைத்தோம்.

அந்த ரீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல பள்ளிக்கூடங்களில் மூன்றாம் தரத்தில் எடுத்த பிள்ளைகளோடு அதே ஆசிரியர் ஐந்தாம் தரம் வரைக்கும் கூடவே வருவார். எந்தப் பிள்ளை அவசரக்காரி, எது பயந்தது, எது கேள்வியை முழுக்க வாசிக்காமல் விடை எழுதும் என்று அவருக்குத் தெரியும். ரியூசனில் அறுபது பிள்ளைகளுக்கு நடுவே இருக்கிறவருக்கு அது தெரியாது. தவணைக்கு ஒருமுறை நடக்கிற பெற்றோர் கூட்டத்தை விட்டு, சும்மா ஒரு பின்னேரம் போய் ரீச்சரோடு தனியாகப் பேசிப் பாருங்கள். "பிள்ளைக்குப் பாடம் தெரியும், கரும்பலகை தெரியேல்லைப்போல" என்று அவர் சொன்னதால்தான் கண் காட்டினோம். கண்ணாடி போட்ட பிறகு கணிதப் பிழை பாதி குறைந்தது.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாதிரிப் பரீட்சைக்கும் பிறகு புள்ளிப் பட்டியலைப் படம் பிடித்துப் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் முகத்தை மாற்றாமல் இருக்க என்னால் முடியாது என்று தெரிந்ததால் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அவசியமான செய்தியைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சொல்லிவிடுவா.

இனிச் சொல்லப்போவதைப் பெண்பிள்ளைகளின் தாய்மார் மட்டுமில்லை, தகப்பன்மாரும் வாசிக்க வேண்டும். பத்து வயதில் பெரியபிள்ளையாகிற பிள்ளைகள் இப்போது குறைவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வயதுக்கு வந்தது. வழமைப்படி வீட்டில் இருத்தி, வெளிநாட்டுச் சொந்தங்கள் வருகிற நாள் பார்த்து, மண்டபம் பிடித்துச் சாமத்திய வீடு செய்து முடிய, பிள்ளை பள்ளிக்கூடத்தில் விட்டது நிறைய. பயந்தும் போயிருந்தது, ஒருவரும் அதற்கு முன்பே எதையும் சொல்லி வைக்கவில்லை. நான் மகளுக்கு வருஷத் தொடக்கத்திலேயே விளக்கினேன். புத்தகப்பையின் உள்அறையில் ஒரு சின்னப் பொதி வைத்து, பள்ளிக்கூடத்தில் என்றால் எந்த ரீச்சரிடம் போக வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். மாமியிடமும், அப்படி வந்தால் தண்ணீர் வார்ப்பதோடு நிறுத்துவோம், மற்றதெல்லாம் மார்கழி விடுமுறையில் பார்ப்போம் என்று பேசி வைத்தேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதித்தார்.

விண்ணப்பம், சுட்டெண் எல்லாம் அதிபர் வழியாகவே நடக்கும், பெற்றோர் அலையத் தேவையில்லை. பெயரின் எழுத்து, பிறந்த திகதி, மொழிமூலம் மூன்றையும் அதிபரின் அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், போதும். இன்னொன்று, இந்தப் பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமில்லை. அது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஊர் விடாது என்பது வேறு கதை.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விற்பது எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்யும். அப்போதும் "எதிர்பார்க்கை வினாத்தாள்" என்று ஏதாவது போனில் வந்துகொண்டே இருக்கும். 2024 செப்டெம்பரில் எழுதிய பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் ஞாபகம். முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லி, பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. அதைப் பார்த்தபின், எனக்கு வந்த எதையும் திறக்காமலே அழித்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்ததால் பாதிப்பேர் முதல் நாளே கந்தனிடம் போய் வந்திருந்தார்கள். சுட்டெண்ணைச் சட்டையின் இடப்பக்கம் குத்தி அனுப்பினோம். படலைக்குள்ளே பெற்றோரை விட மாட்டார்கள், இடைவேளையிலும் விட மாட்டார்கள். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். அம்மா வருவா என்று பார்த்துக்கொண்டிருந்து அழுத பிள்ளைகளும் இருந்தார்களாம். வெளியில் வந்ததும் சில தாய்மார் அந்த இடத்திலேயே பிள்ளையைப் பிடித்து விடை கேட்டார்கள். நாங்கள் நேராக ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம்.

பெறுபேறு செப்டெம்பர் 3ஆம் திகதி இரவு வந்தது. இணையதளம் இங்கே திறக்கவே இல்லை. கனடாவில் இருக்கிற என் தம்பி பார்த்து அனுப்பினான். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேல். மகள் துள்ளினாள், பிறகு நித்திரையாகிவிட்டாள். அடுத்த நாள் காலையிலிருந்து "அக்கா, பிள்ளைக்கு எத்தினை?" வெட்டுப்புள்ளி தாண்டாத பிள்ளைகளின் வீட்டிலும் அதே கேள்வி விடாமல் கேட்டிருக்கும். சந்தியில் பதாகை கட்ட ரியூசனிலிருந்து படம் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

நகரத்துப் பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலை வெட்டுப்புள்ளியைக் கல்வி அமைச்சு ஆண், பெண், மொழிமூலம் வாரியாகப் பிறகுதான் வெளியிடும். விருப்ப வரிசையில் முதலில் போடுகிற பாடசாலைக்குக் கிடைத்தால் உண்மையாகவே அனுப்புவீர்களா என்று யோசித்துப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். உதவிப்பணத்துக்குப் பெற்றோரின் வருமானத்தை உறுதிப்படுத்திய படிவம் வேண்டும், அதுவும் பள்ளிக்கூடம் வழியாகத்தான் போகும்.

பரீட்சை முடிந்த பிறகு மூன்றாம் தவணை முழுக்கப் பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரித்தான். விட்டுவிடுங்கள். ஆனால் ஆறாம் தரம் எப்படி இருக்கும் என்று அந்த நேரத்தில் கொஞ்சம் சொல்லி வைப்பது நல்லது. ஒரு ரீச்சரோடு இருந்த பிள்ளைக்குப் பாடத்துக்கு ஒருவர் வருவார். வரலாறு, புவியியல், குடியியல் என்று தனித்தனிப் புத்தகம். நடனம், சங்கீதம், சித்திரம் மாதிரியானவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மகள் யாரையும் கேட்காமல் சங்கீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் இதுவரை ஒருவருக்கும் சுருதி சேர்ந்ததில்லை.