பழுப்பு இலையைப் பிய்க்காதீர்கள்

மான்கொம்புப் பெரணி வாங்கி வந்த அன்றே நான் செய்த முதல் காரியம், அடியில் காய்ந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு இலையைப் பிய்த்துப் போட்டதுதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றே மாதத்தில் செடி போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இந்தச் செடிக்கு இரண்டு விதமான இலை. கொம்பு மாதிரி கிளைத்துத் தொங்குவது ஒன்று. இன்னொன்று அடியில் கேடயம் போல வட்டமாகப் படர்ந்து பலகையைக் கவ்விக்கொள்வது. பச்சையாக முளைத்து, பிறகு பழுப்பாகிவிடும், ஆனால் அதன் வேலை அதோடு முடிவதில்லை. வேரை மூடிக் காப்பதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா, அங்கே காட்டில் மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்கிறது. மரத்தை உறிஞ்சிப் பிழைப்பதில்லை. மேலிருந்து விழுகிற சருகு அந்தக் கேடய இலைக்குப் பின்னால் சேர்ந்து மக்கி, அதுவே உரமாகிவிடும்.

இரண்டாவது செடியைத் தொட்டியில் வைக்கவில்லை. பழைய பலகையில் ஸ்பாக்னம் என்கிற, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாசியைக் குவித்து, வளரும் குருத்தை மூடாமல், தங்கூஸ் நரம்பால் சுற்றிக் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சமான பால்கனிச் சுவரில் மாட்டினேன். வாரம் ஒரு தடவை பலகையோடு கழற்றி வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் முக்கி, நன்றாக வடியவிட்டு மாட்டுவேன். எங்கள் சென்னை மே மாதத்தில் வாரம் இரண்டு தடவை, மழைக்காலத்தில் பல நாள் தொடவே மாட்டேன். கணக்கு நாளில் இல்லை, கையில் இருக்கிறது: பலகையைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் தண்ணீர் கேட்கிறது, கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடி கறுத்து மெத்தென்று ஆனால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் செடிக்குக் காய்ந்துபோவதை விட ஈரம் தேங்குவதுதான் பெரிய எமன்.

அப்புறம், கொம்பு இலை மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். அம்மா தூசி என்று நினைத்து ஒருநாள் ஈரத்துணியால் துடைக்கப் போய்விட்டார், ஓடிப்போய்த் தடுத்தேன். அது மெல்லிய ரோமம், இலையின் ஈரம் ஆவியாகாமல் காப்பது. அதேபோல, கொம்பு நுனியின் அடிப்பக்கம் வெல்வெட் மாதிரி பழுப்புத் திட்டு வந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள், அதுதான் வித்து (ஸ்போர்), விதைக்குப் பதிலாகப் பெரணி இனம் பெருக்குவது.

இந்த வாரம் பழைய பழுப்பு இலைக்கு மேலேயே ஒரு புதுக் கேடய இலை கிளம்பியிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான், ஓரம் மட்டும் வெளிர் பச்சை. காலையில் காபி டம்ளரோடு போய் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.