தெரிந்த பழம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மச்சானும் அவர் பையனும் புதர்க்காட்டுப் பக்கம் நடக்கப் போனோம். கிளம்பும்போதே பையன் போனில் செடியைப் படம் எடுத்தால் பேர் சொல்லும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

முதலில் சிக்கியது ஒரு மரம். கீழே உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் பழங்கள். "குருவி கொத்தியிருக்கு பாருங்க, அப்ப நாமளும் சாப்பிடலாம்" என்று மச்சான் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். இலையைத் திருப்பிக் காட்டினேன். அடியிலிருந்தே ஐந்து நரம்புகள் விரிந்து ஓடின. எட்டி! விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷம். இருவாச்சிப் பறவை இந்தப் பழத்தை விரும்பித் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது. மச்சான் இருவாச்சி இல்லை. அதையும் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார்.

அடுத்து ஒரு சின்னச் செடியில் கொத்துக் கொத்தாய்க் கறுப்புப் பழம். ஆப் மணத்தக்காளி என்றது. என் கட்டைவிரலும் விழுந்த இன்னொரு படத்தைக் கொடுத்தால் வேறு ஏதோ பேர் சொன்னது. "பழத்தை மட்டும் படம் எடுத்தா அது என்ன செய்யும்? பூ, இலை, தண்டு எல்லாம் காட்டணும். மணத்தக்காளியேதான்னாலும் பச்சைக் காயைத் தொடாதே, சோலனின்னு ஒரு விஷம் இருக்கும்" என்றேன். பையன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது. அதுதான் வினை.

கொஞ்ச தூரத்தில் சப்பாத்திக்கள்ளி. மடல் விளிம்பெல்லாம் கருஞ்சிவப்பில் பழங்கள்.

"இது தெரிந்த பழம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்."

பெரிய முட்களைத் தவிர்த்து லாவகமாகப் பறித்தேன். பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக ஏதோ பொடி மாதிரி இருந்தது. தூசிதானே என்று பேண்ட்டில் பின்பக்கமாக நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஒரு கடி கடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அந்தப் பொடிதான் சுணைமுள். மயிரிழையை விட மெல்லியது, நுனியில் கொக்கி வேறு. ஒவ்வொரு புள்ளியிலும் கற்றை கற்றையாக நிற்கும். தரையில் உருட்டியோ நெருப்பில் வாட்டியோ அதைப் போக்கி, அப்புறம் தோலைச் சீவித்தான் பழத்தைத் தின்ன வேண்டும். இந்தத் தகவலையெல்லாம் பையன் போனைப் பார்த்து நிதானமாக வாசித்தான். அதற்குள் உதட்டில், நாக்கில், பத்து விரலிலும் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத முள்ளை எங்கே என்று பிடுங்குவது? மச்சான் பையிலிருந்த டேப்பை விரலில் ஒட்டி ஒட்டி உரித்தார். பாதி வந்தது. நாக்குக்கு டேப் ஒட்டலாமா என்று கேட்டார். எட்டிக்குப் பழி வாங்குகிறார் என்று புரிந்தது.

சரி, கொஞ்சம் உட்காரலாம் என்று ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பேண்ட்டில் துடைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிவந்த வாயைப் பார்த்து மனைவி பதறிவிட்டாள். "என்ன ரத்தம்? ஏதாவது விஷப்பழத்தைத் தின்னுட்டீங்களா?"

"இல்ல அத்தை, நல்ல பழந்தான். மாமாவுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பழம்" என்றான் பையன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டை மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.