பதினாறு கேட்டவருக்கு நாலு கொடுத்தேன்

சர்வர்கள் சென்னையில், நான் தக்கலையில் வீட்டு மாடியில். போன வாரம் ராத்திரி டூட்டியில் ஒரு டேட்டாபேஸ் மெஷின் ஆமையாய் நகர்ந்தது. அதைக் கவனிப்பவர், "எட்டு சிபியூ பத்தலை, பதினாறாக்குங்க" என்றார். ஆக்கினேன். இன்னும் மெதுவாகிவிட்டது!

அந்த மெஷின் நிஜமானதில்லை; ஹோஸ்ட் என்ற ஒரு பெரிய நிஜ சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய பல விர்ச்சுவல் மெஷின்களில் ஒன்று. அந்த ஹோஸ்டில் நிஜ கோர்கள் (கணக்குப் போடும் சிபியூ அலகுகள்) 32தான். விர்ச்சுவல் மெஷின்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த விசிபியூக்களோ (விர்ச்சுவல் சிபியூ) 150க்கு மேல். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்காதவரை அது தப்பில்லை. ஆனால் ஒரு மெஷினுக்கு விசிபியூ கூடக்கூட, அத்தனையும் நிஜ கோருக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் விஎம்வேர் மென்பொருளில் இந்தக் காத்திருப்புக்கு 'சிபியூ ரெடி' என்று பெயர். 20 விநாடி அளவீட்டில் ஒரு விசிபியூ 1000 மில்லிசெகண்ட் காத்திருந்தால் 5 சதவீதம். எங்களுடையது 2400ஐ, அதாவது 12 சதவீதத்தைத் தொட்டிருந்தது.

காலையில் அப்பாவிடம் புலம்பினேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்காகச் சானல்கரையில் ராத்திரி காவல் இருந்தவர். "மேல உள்ளவன் தேவைக்கு மேல மடையைத் திறந்தா கடைசி வயலுக்கு என்ன மக்கா வரும்?" என்றார்.

மெமரியில் நிலைமை பரவாயில்லை. மெஷினுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் என்ற சின்ன மென்பொருள், சும்மா கிடக்கும் மெமரியை வாங்கி அடுத்த மெஷினுக்குக் கொடுத்துவிடும்.

அந்த வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால் விசிபியூவை மெஷின் ஓடும்போதே கூட்டலாம், குறைக்க மெஷினை நிறுத்த வேண்டும். அனுமதி வாங்கி, ராத்திரி 2 மணிக்கு நிறுத்தி, நாலாக்கினேன். ரெடி 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. "பாத்தீங்களா, பதினாறு போட்டதும் சரியாயிட்டு" என்று காலையில் அவர் செய்தி அனுப்பியிருந்தார். சரி என்று விட்டுவிட்டேன்.