தெரபி போஸ்டிங்கை முதலில் கேட்டு வாங்குங்கள்

கோயம்புத்தூர் பக்கம் ஹேண்ட் சர்ஜரி ஃபெலோஷிப்புக்கு வரப்போகிற ஜூனியர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எமர்ஜென்சி போஸ்டிங்கில் ரீப்ளான்ட், அதாவது துண்டான விரலைத் திரும்பப் பொருத்துகிற ஆபரேஷன், நிறையக் கிடைக்குமா? கிடைக்கும். சோமனூர், பல்லடம் தறிக்கூடங்கள், திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங் மெஷின், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டை மில், தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷின், எல்லாமே விரலுக்கு எமன். வெட்டுப்பட்ட விரலை ஈரத்துணியில் சுற்றி, கவருக்குள் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்தால் நமக்குப் பாதி நிம்மதி. நேராக ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தால் திசு உறைந்து கெட்டிருக்கும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலானில் ரத்தக்குழாயைத் தைத்து, வெளுத்துக் கிடந்த விரல் சிவப்பதைப் பார்க்கிற சந்தோஷம் தனிதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் கைக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபி ரூம் போஸ்டிங்கைப் பல பேர் லீவு மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சலே அங்குதான்.

விரலை மடக்கும் டெண்டன் (தசைநாண்) ஸோன் 2-இல், அதாவது உள்ளங்கையில் விரல் தொடங்குகிற இடத்திலிருந்து நடுக்கணு வரையிலான பகுதியில், அறுந்த கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு டெண்டன்கள் ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகிற இடம் அது. தையல் தடித்தால் சிக்கும், அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது எல்லாத் தையலும் அழகுதான். சில வாரம் கழித்துத் தெரபி டேபிளில் கோனியோமீட்டர் வைத்து மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். தெரபிஸ்ட் அக்கா, கையைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட் செய்ய, வெந்நீரில் பிளாஸ்டிக் ஷீட்டை இளக்கிப் புறங்கையில் வைத்து, விரலின் அடிமூட்டு மடங்கியும் மற்ற மூட்டுகள் நிமிர்ந்தும் நிற்கிற மாதிரி, அது ஆறி இறுகும்வரை பிடித்துக்கொண்டே பேசுவார். அந்தப் பேச்சில்தான் உண்மையெல்லாம் வெளியே வரும். "ஏனுங்க, இதக் கழட்டி வெச்சுட்டுத் திங்கக்கெழம தறிக்குப் போலாங்களா?" என்பார் தறி ஓட்டுகிற அண்ணன். கனமான வேலைக்கு ஏறக்குறைய 12 வாரம் ஆகும் என்று நாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்போம், அவருக்கோ கூலி வாரக் கணக்கு. ஸ்பிளின்ட் கழற்றுகிற காலம் வந்ததும் அக்கா அவர் கையில் நூலைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார். தறியில் அறுந்த இழையை முடியத் தெரியாத விரல் எத்தனை டிகிரி மடங்கினால் அவருக்கு என்ன?

வேலூரில் சர்ஜன் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு டெண்டன் மாற்று ஆபரேஷன் செய்யத் தொடங்கியபோது, பின்னாலேயே கைப்பயிற்சிக்கும் தொழில் கற்றுத்தரவும் ஏற்பாடு செய்தார். நாம் இன்னும் அதை ரோஸ்டரின் கடைசி வரியில் வைத்திருக்கிறோம்.

சேர்ந்த வாரமே ரோஸ்டர் போடுகிறவரிடம் தெரபியை முதலில் கேளுங்கள். முடியாது என்றால், நீங்கள் தைத்த கேஸ் தெரபிக்கு வருகிற நாளிலாவது ஓ.பி. முடிந்ததும் எட்டிப் பாருங்கள். தயங்கினால், பரீட்சைக்கும் அடுத்த வேலை தேடுவதற்கும் நடுவில் அந்தப் போஸ்டிங் வந்து விழும், அப்போது படிக்கவும் மனசு இருக்காது.