ரப்பர் ஆசிட் ஏற்றுமதி: கப்பலைக் கோட்டைவிட வைக்கும் பேப்பர்கள்

சரக்கு, ரப்பர் பால் உறைய ஊற்றும் 85% ஃபார்மிக் ஆசிட்தான். குலசேகரம், அருமனை பக்கம் 35 கிலோ கேனில் சாதாரணமாகக் கிடைப்பது. மார்த்தாண்டத்திலிருந்து தூத்துக்குடிவரை பிரச்சினையில்லை. டிரைவர் லைசென்ஸில் அபாயச் சரக்குப் பயிற்சி பதிவும், கேபினில் டிரெம் கார்டும் (விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை) இருக்க வேண்டும். கொழும்புக்குக் கப்பலேற்றும்போதுதான் தலைவலி.

எங்கள் சரக்கை நிறுத்தியது ஒரு எண்: அபாயச் சரக்குக்கு உலகம் முழுக்கப் பொதுவான யுஎன் எண். 85 சதவீதத்துக்கு மேல் போனால்தான் யுஎன் 1779. அதற்கு வகுப்பு 8-உடன் (அரிக்கும் பொருள்) தீப்பற்றும் துணை அபாயமான 3-ம் உண்டு. சரியாக 85 அல்லது அதற்குக் கீழே (10 வரை) என்றால் யுஎன் 3412, வெறும் 8, பேக்கிங் குரூப் (அபாயத்தின் அளவைச் சொல்லும் பிரிவு) 2. சப்ளையர் தந்த எம்எஸ்டிஎஸ்ஸின் (ரசாயனத்தின் பாதுகாப்பு விவரத் தாள்) 14-வது பகுதியில் 1779. நாங்கள் கொடுத்த டிஜி டிக்ளரேஷனில் (அபாயச் சரக்கு உறுதிமொழி) 3412. கப்பல் கம்பெனியிலிருந்து "மிஸ்மேட்ச்" என்று ஒற்றை வார்த்தைப் பதில். எதோடு எது பொருந்தவில்லை என்று கேட்டுப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. எம்எஸ்டிஎஸ்ஸைத் திருத்தி வாங்கி அனுப்பினால், கன்டெய்னரில் சரக்கை அடுக்கியதற்கான பேக்கிங் சர்டிஃபிகேட்டில் பழைய எண் என்று மறுபடி திரும்பியது. இதை முதல் தடவையே சொல்லித் தொலைத்திருக்கலாம்! அதற்குள் கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தாண்டிவிட்டது. லாரி காத்திருந்ததற்கான ஹால்டிங், கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதற்கான டிடென்ஷன் கட்டணம் எல்லாம் நம் தலையில்.

ஒரே விவரத்தை ஆளுக்கொரு பேப்பரில் கையால் அடிப்பதுதான் வினை. டைப் அடிக்கும் முன்பே எம்எஸ்டிஎஸ்ஸை கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு யுஎன் எண், சரக்கின் பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் நான்கையும் அதே வரிசையில் எல்லா பேப்பரிலும் அப்படியே ஒட்டுங்கள்.

அடுத்தது கேன். கடைக் கேன் கப்பலுக்கு ஆகாது. அடியிலோ பக்கத்திலோ யுஎன் முத்திரையும், பிளாஸ்டிக் கேனுக்கான குறியான 3எச்1-ஐ அடுத்து எக்ஸ் அல்லது ஒய்யும் இருக்க வேண்டும், இசட் செல்லாது. கடிகார முகம்போல அச்சாகியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். பிளாஸ்டிக் கேனுக்கு ஆயுள் ஐந்து வருஷம்.

வாங்குபவர் அமோனியா கரைசலும் சேர்த்துக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். அமிலமும் காரமும் பொதுவாக ஒரே கன்டெய்னரில் போகாது. இரண்டு கன்டெய்னர் வாடகையைக் கணக்கில் வைத்தே விலை சொல்லுங்கள். கன்டெய்னரின் நான்கு பக்கமும் 25 செ.மீ. பிளக்கார்டு (அபாய வகுப்பைக் காட்டும் பெரிய ஸ்டிக்கர்) வேண்டும். சரக்கு இது ஒன்றே, மொத்த எடை 4,000 கிலோவைத் தாண்டுகிறது என்றால் யுஎன் எண்ணையும் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரை ஊரிலேயே அடித்துக் கொண்டுபோனால் யார்டில் அலைய வேண்டாம்.