வெட்டிப் பார்த்த பிறகு வாங்கிய ஆயில் ஃபில்டர்

காலையில் முதன்முறையாகச் சாவியைத் திருகியதும், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை இன்ஜினிலிருந்து மூன்று நான்கு நொடிகளுக்கு எழும். பிறகு டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்ததும் ஓசையும் அடங்கிவிடும். என் காருக்கு ஆயில் மாற்றி அப்போது இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. ஊற்றிய ஆயிலின் தரம் சரியாக இருந்தது, அளவுகோலில் மட்டமும் சரியாக இருந்தது. பகலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஓசை வருவதில்லை, இரவு முழுவதும் நின்ற பிறகே வருகிறது என்பதைக் கவனித்த பிறகுதான் என் சந்தேகம் ஃபில்டர் பக்கம் திரும்பியது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினேன். மறுநாள் காலையில் இன்ஜின் சத்தமில்லாமல் உயிர்பெற்றது. கழற்றியதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. குழாய் வெட்டும் கருவியைப் போன்ற ஒரு கட்டரை வாங்கி வந்து அதைத் திறந்து பார்த்தேன். இன்றுவரை அந்தப் பழக்கம் தொடர்கிறது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பழைய ஃபில்டரை வெட்டாமல் விடுவதில்லை.

திருகிப் பொருத்தும் வகை ஃபில்டரின் அடித்தட்டில் நடுவே மரையுள்ள பெரிய துளை ஒன்றும், அதைச் சுற்றிச் சிறு துளைகள் பலவும் இருக்கும். ஆயில் பம்பு அனுப்பும் எண்ணெய் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக உள்ளே புகுந்து, மடிப்பு மடிப்பாக அமைந்த வடிதாளை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் கடந்து, நடுத்துளை வழியே இன்ஜினுக்குப் போகிறது. அந்தச் சிறு துளைகளை உள்ளிருந்து மூடியபடி ஒரு ரப்பர் வட்டு இருக்கிறது. எண்ணெய் வரும்போது அது விலகி வழிவிடும். இன்ஜின் நின்றதும் மூடிக்கொண்டு, உள்ளே நிற்கும் எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும். நான் வெட்டிய ஃபில்டரில் அந்த வட்டு புதிதிலேயே விறைத்துப்போய், ஓரம் நெளிந்து, தட்டோடு ஒட்டாமல் நின்றது. என் இன்ஜினில் ஃபில்டர் படுத்த நிலையில் பொருத்தப்படுவதால் இரவில் எண்ணெய் முழுவதும் வடிந்துவிட, காலையில் பம்பு முதலில் காலி டப்பாவை நிரப்பிவிட்டுத்தான், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெயை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மூன்று நொடி ஓசை, உலோகத்தின் மீது உலோகம் போதிய எண்ணெய்ப் படலமில்லாமல் உரசியதன் ஓசை.

ஆகவே ஃபில்டர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த வட்டைத்தான். ஒரு தீக்குச்சியால் சிறு துளை வழியே மெல்ல அழுத்தினால் அது மிருதுவாக விலகி, குச்சியை எடுத்ததும் உடனே திரும்ப வேண்டும். வழக்கமான நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகும். சிலிக்கோன் வெப்பத்தையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கும். சிலிக்கோன் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வரும் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது சரியல்ல. எந்த ரப்பருக்கும் எந்த நிறத்தையும் ஏற்ற முடியும். ஃபில்டரின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கும் இன்ஜின்களில் எண்ணெய் தானாகவே உள்ளே நின்றுவிடுவதால் இந்த வட்டின் முக்கியத்துவம் குறைவு. படுத்தோ தலைகீழாகவோ பொருத்தப்படுபவற்றுக்கு அது உயிர்நாடி. உங்கள் வாகனத்தில் ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு செய்யும் பாதி முடிவுகள் எளிதாகிவிடும்.

அடுத்தது பைபாஸ் வால்வு. இதைப் பற்றிக் கடைக்காரர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். வடிதாள் அழுக்கால் அடைபட்டும் இருக்கலாம். அப்போது வடிதாளின் இரு புறமும் உள்ள அழுத்த வேறுபாடு கூடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இந்த வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே இன்ஜினுக்கு அனுப்பிவிடும். எண்ணெயே இல்லாமல் சுழல்வதைவிட அழுக்கு எண்ணெயில் சுழல்வது மேல் என்ற கணக்குத்தான். பெரும்பாலான ஃபில்டர்களில் இந்த அளவு 8 முதல் 22 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வரை, அதாவது ஏறக்குறைய 0.55 முதல் 1.5 பார் வரை, இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். தேவையைவிடக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் வால்வு, எண்ணெயின் ஒரு பகுதியை அடிக்கடி வடிகட்டாமல் விட்டுவிடும். மிக அதிக அழுத்தத்தில் திறப்பது, அடைப்பு நேரும்போது இன்ஜினைப் பட்டினி போடும். சில இன்ஜின்களில் இந்த வால்வு இன்ஜின் பிளாக்கிலேயே அமைந்திருப்பதால் அவற்றுக்கான ஃபில்டரில் அது இருக்காது. அப்படிப்பட்ட ஃபில்டரை, மரை பொருந்துகிறது என்பதற்காக வால்வு தேவைப்படும் இன்னொரு இன்ஜினில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மரை பொருந்துவதே எல்லாம் பொருந்துவதாகாது என்பதற்கு இன்னும் ஓர் ஆபத்தான உதாரணம் உண்டு. உலகெங்கும் கார்களில் அதிகம் காணப்படும் மரைகளில் இரண்டு, 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரையும், முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 சுற்று கொண்ட மரையும் ஆகும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், அதன் சுற்று இடைவெளி ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர். வித்தியாசம் அவ்வளவு சிறியது என்பதால், மெட்ரிக் ஃபில்டர் இன்ஜினில் உள்ள முக்கால் அங்குல மரைத் தண்டில் ஏறிவிடும், கையால் இறுக்கியதும் இறுகியது போலவே தோன்றும். ஆனால் மரையின் பற்கள் ஒன்றையொன்று முழுமையாகக் கவ்வியிருக்காது. நெடுஞ்சாலையில் எண்ணெய் அழுத்தம் ஏறும் நேரத்தில் அது கழன்று பறந்தால், சில நிமிடங்களுக்குள் இன்ஜின் பாழாகிவிடும். எனவே பழைய ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு அளவு பார்த்து வாங்குவதைவிட, வாகனத்தின் கையேட்டில் உள்ள பாக எண்ணையோ, ஃபில்டர் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் வாகனத்தின் மாடல், ஆண்டு, இன்ஜின் வகை ஆகியவற்றுக்கு எதிரே உள்ள எண்ணையோ கொண்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. முன்பு மாட்டியிருந்ததே தவறான ஃபில்டராக இருந்திருக்கலாம் அல்லவா?

இப்போது மைக்ரான் கணக்குக்கு வருகிறேன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஓடும் இன்ஜினில் பேரிங்கைத் தாங்கி நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் அளவே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்களே தேய்மானத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பெட்டியின் மீது சிறிய எண் அச்சிட்டிருக்கும் ஃபில்டரைத் தேடிப் போகிறவர்கள் பலர், நானும் போயிருக்கிறேன். ஆனால் ‘10 மைக்ரான்’ என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. பத்து மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடிக்கும் ஃபில்டரும் தன்னைப் பத்து மைக்ரான் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ளலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடிப்பதும் சொல்லிக்கொள்ளலாம். எந்த அளவுத் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல். ஐஎஸ்ஓ 4548-12 என்ற சர்வதேசச் சோதனை முறை இதைத்தான் அளக்கிறது. அதன் முடிவைச் சிலர் பீட்டா விகிதமாக எழுதுவார்கள்: ஃபில்டருக்குள் போகும் துகள்களின் எண்ணிக்கையை வெளியே வருபவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. பீட்டா 2 என்றால் பாதிக்குப் பாதி, 20 என்றால் 95 சதவீதம், 75 என்றால் ஏறக்குறைய 98.7 சதவீதம், 100 என்றால் 99 சதவீதம். இருபது மைக்ரானில் 99 சதவீதம் என்று சோதனை முறையின் பெயரோடு அறிவிக்கும் ஃபில்டரை, எந்த விவரமுமின்றிச் சிறிய எண்ணை மட்டும் காட்டும் ஃபில்டரைவிட நான் நம்புவேன்.

வடிதாள் மூன்று வகைப்படும். மரக்கூழிலிருந்து செய்யும் செல்லுலோஸ் தாள், கண்ணாடி இழை போன்ற செயற்கை இழைகளால் ஆனது, இரண்டும் கலந்தது. செயற்கை இழை மெலிதாகவும் சீராகவும் இருப்பதால் நுண்ணிய துகளைப் பிடிக்கும்போதும் எண்ணெயின் ஓட்டத்தை அதிகம் தடுக்காது, அழுக்கையும் கூடுதலாகத் தாங்கும். நீண்ட தூரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறவர்களுக்கும், முழுச் செயற்கை எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்கும் அது தகும். குறைந்த இடைவெளியில் மாற்றிவிடும் பழக்கமுள்ளவருக்கு நல்ல செல்லுலோஸ் தாளே போதும். அதற்கு மேல் செலவழிப்பது மனத்திருப்திக்காகத்தான். வெட்டிப் பார்க்கும்போது தாளின் வகையைவிட வேலைப்பாடே எனக்கு அதிகம் உணர்த்தியிருக்கிறது: மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, தாளின் இரு முனைகளும் சேரும் தையல் முழுவதும் ஒட்டியிருக்கிறதா, மேல், கீழ் மூடிகளுக்கும் தாளுக்கும் இடையே பசை விட்டுப்போயிருக்கிறதா என்பவை. தையலில் ஒரு இடம் பிரிந்திருந்தாலே போதும், எண்ணெய் தாளைக் கடக்கும் சிரமத்தை விட்டுவிட்டு அந்த இடுக்கில் ஓடிவிடும். மூடிகள் உலோகத்தில் இல்லாமல் கெட்டி அட்டையில் இருப்பதைச் சிலர் பெரும் குறையாகச் சொல்வார்கள். ஒட்டு சரியாக இருந்தால் அட்டை மூடியும் தன் காலத்தை ஓட்டிவிடுகிறது என்பதே நான் திறந்து கண்டது.

எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும் அதனால் செய்ய முடியாதவை உண்டு. டீசல் இன்ஜினின் எண்ணெயைக் கறுப்பாக்கும் கரித்துகளில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவுடையது, அதை இந்தத் தாள் பிடிக்காது. எண்ணெயில் கலக்கும் நீரையும், எரிபொருளையும், உருவாகும் அமிலத்தையும் அது நீக்காது. உயர்ந்த ஃபில்டரை மாட்டிவிட்டு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதேபோல் வெளியே ஒட்டும் காந்தங்களும். அவை இரும்புத் துகளைப் பிடிக்கும் என்பது உண்மை. பேரிங்கிலிருந்து உதிரும் அலுமினியம், தாமிரம், ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றைக் காந்தம் திரும்பிக்கூடப் பார்க்காது. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எஃகு வலை ஃபில்டர்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஓட்டம் தாராளமாக இருக்கும்தான், ஆனால் வலையின் கண்கள் பெரிது என்பதோடு, கழுவும்போது அழுக்கு உட்புறம் போய்விட்டால் அதை நாமே கையால் இன்ஜினுக்குள் அனுப்பியதாக ஆகிவிடும்.

இந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு சிறு சுவையும் இருக்கிறது. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் அமெரிக்காவில் 1923 வாக்கில் உருவாக்கிய ஃபில்டருக்கு வைத்த ப்யூரோலேட்டர் என்ற பெயர், ‘ப்யூர் ஆயில் லேட்டர்’ என்ற மூன்று சொற்களைச் சுருக்கியது. அக்கால ஏற்பாடுகள் பலவற்றில் பம்பு தரும் எண்ணெயின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டப்பட்டு, மீதி நேராக இன்ஜினுக்குப் போனது. முழு ஓட்டமும் ஃபில்டர் வழியே போகும் முறை பிறகு பரவியதால்தான் மேலே சொன்ன பைபாஸ் வால்வு இன்றியமையாததாயிற்று.

இப்போது பல கார்களில் டப்பா இல்லாமல் தாள் உருளையை மட்டும் மாற்றும் முறை வந்துவிட்டது. இவற்றில் பைபாஸ் வால்வு பெரும்பாலும் இன்ஜினோடு உள்ள கூட்டிலேயே தங்கிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது, மூடிக்குரிய ரப்பர் வளையங்கள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்பதும், அவை சரியான பள்ளத்தில் அமர்கின்றனவா என்பதும். மூடி பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால் அளவுக்கு மீறி முறுக்கினால் விரியும். பல மூடிகளில் இறுக்க வேண்டிய அளவு, உதாரணமாக 25 நியூட்டன் மீட்டர் என, மேலேயே பொறித்திருக்கும். மோட்டார் சைக்கிள்களிலும் இதே போன்ற சிறு உருளைகள் வருகின்றன. அங்கே கவனம் இன்னும் அதிகம் தேவை: சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே துளை இருக்கும், திருப்பிப் போட்டால் எண்ணெய்ப் பாதையே அடைபடும். மேலும் எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளட்சிலிருந்து உதிரும் நார்த்துகள்களும் அந்தச் சிறு தாளுக்கே வந்து சேர்வதால், பைக் ஃபில்டரை ஒன்றுவிட்டு ஒரு ஆயில் மாற்றத்தின்போது மாற்றினால் போதும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை, கையேடு அப்படி அனுமதித்தால் தவிர.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர் பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சடித்து வருபவை உண்டு. டப்பாவின் மீதுள்ள எழுத்து விரலால் தேய்த்தால் அழிவது, தொகுதி எண் இல்லாதது, அடித்தட்டின் மரையில் பிசிறு இருப்பது, ரப்பர் வளையம் பள்ளத்தில் தளர்ந்து கிடப்பது, அசலோடு ஒப்பிடும்போது எடை வெகுவாகக் குறைவது ஆகியவை எனக்குப் பயன்பட்ட அடையாளங்கள். பெரும்பாலான வாகன நிறுவனங்கள் தம் பெயரில் விற்கும் ஃபில்டர்களைத் தாமே செய்வதில்லை, ஃபில்டர் தயாரிப்பாளர்களிடமே செய்து வாங்குகின்றன. அதனால் வேறு பெயரில் வரும் நல்ல தயாரிப்பை வாங்குவதில் தவறில்லை. ஆனால் உத்தரவாதக் காலத்தில் உள்ள வாகனத்துக்கு நான் அசலையே மாட்டுவேன், பின்னால் வாக்குவாதம் வேண்டாம் என்பதற்காக மட்டும்.

மாட்டும்போது முதலில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பாருங்கள். அதன் மீதே புதியதை இறுக்கினால், இரண்டு வளையங்களுக்கிடையே எண்ணெய் பீய்ச்சியடிக்கும். புதிய வளையத்தில் புது எண்ணெய் தடவி, கையால் திருகி, வளையம் தட்டைத் தொட்ட பிறகு பெரும்பாலான டப்பாக்களில் அச்சிட்டிருப்பது போல முக்கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டுமே. இன்ஜினை ஓடவிட்டு, சிவப்பு விளக்கு அணைகிறதா, அடியில் கசிவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மட்டத்தை மறுபடி அளக்கிறேன், ஃபில்டர் குடித்த அளவுக்கு எண்ணெய் குறைந்திருக்கும் என்பதால். பிறகு டப்பாவின் மீது தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையில் எழுதிவைக்கிறேன். கழற்றிய பழையதை ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு, மறுநாள் கட்டரால் வெட்டி, தாளை விரித்து, உலோகத் துகள் ஏதும் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். ரம்பத்தால் அறுக்கக் கூடாது, ரம்பத்தூள் தாளில் விழுந்து இன்ஜினே உதிர்ந்துவிட்டதாகப் பயமுறுத்தும். எனக்கு ஒருமுறை அந்தப் பயம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீணாயிற்று.