முற்றொருமை நிரூபணம்: ரஃப் தாளில் ஒரு 3-4-5 முக்கோணம்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் மனப்பாடம் செய்ய வேண்டிய முற்றொருமைகள் (கோணம் எதுவானாலும் உண்மையாக இருக்கும் சமன்பாடுகள்) மூன்றே மூன்று: சைன்² + காஸ்² = 1, செக்² − டான்² = 1, கொசீக்² − காட்² = 1. இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாணவர்கூட, “நிரூபிக்க” என்று வந்ததும் திணறுவது உண்டு. எதைச் செய்தால் அது நிரூபணம் ஆகும் என்பதில்தான் குழப்பம். (இங்கே எழுத்தைக் குறைக்கக் கோணத்தை விட்டுவிட்டு சைன், காஸ் என்று மட்டும் எழுதுகிறேன். விடைத்தாளில் கோணத்தை விடாதீர்கள். கோணம் இல்லாத சைனுக்குப் பொருளே இல்லை.)

செய்யக்கூடாதது ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்ட சமன்பாட்டையே முதல் வரியாக எழுதி, இருபக்கமும் பெருக்கி, வர்க்கப்படுத்தி, கடைசியில் “1 = 1, எனவே நிரூபிக்கப்பட்டது” என்று முடிப்பது. −1 = 1 என்று தொடங்கி இருபக்கமும் வர்க்கப்படுத்திப் பாருங்கள், அதிலும் 1 = 1 தான் வரும். பொய்யிலிருந்து புறப்பட்டும் உண்மைக்கு வந்து சேரலாம் என்பதால், வந்து சேர்ந்த இடத்தை வைத்துப் புறப்பட்ட இடத்தை நம்ப முடியாது. ஒரு பக்கத்தை எடுத்து, அதை மட்டும் மாற்றிக்கொண்டே போய், மறுபக்கத்தில் நிறுத்துங்கள்.

எந்தப் பக்கம்? கூட்டலும் பின்னமும் நிறைந்து கனமாக இருக்கும் பக்கம். கலைந்து கிடப்பதைச் சுருக்குவது எளிது. ஒற்றை உறுப்பை எப்படிக் கலைப்பது என்று யூகிப்பது கடினம்.

எடுத்துக்காட்டு: சைன்/(1 + காஸ்) + (1 + காஸ்)/சைன் = 2 கொசீக். இடப்பக்கத்தின் பொதுப் பகுதி சைன்(1 + காஸ்). தொகுதி சைன்² + (1 + காஸ்)², அதாவது சைன்² + 1 + 2காஸ் + காஸ்². இதில் சைன்² + காஸ்² சேர்ந்து 1 ஆக, 2 + 2காஸ், அதாவது 2(1 + காஸ்). மேலும் கீழும் (1 + காஸ்) அடிபட்டு, 2/சைன் மிஞ்சுகிறது. இதில் பலர் கெடுத்துக்கொள்வது பகுதியை விரிப்பதில். சைன் + சைன்·காஸ் என்று எழுதிவிட்டால், அடிபட வேண்டிய (1 + காஸ்) கண்ணுக்கே தெரியாது. தொகுதியை விரியுங்கள், பகுதியைக் காரணிகளாகவே விட்டுவையுங்கள்.

இனி முக்கோணம். ரஃப் தாளில் எதிர்ப்பக்கம் 3, அடுத்துள்ள பக்கம் 4, கர்ணம் 5 என்று ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். சைன் 3/5, காஸ் 4/5, டான் 3/4, செக் 5/4, கொசீக் 5/3, காட் 4/3. மேலே உள்ள கணக்கில் இடப்பக்கம் 1/3 + 3 = 10/3, வலப்பக்கம் 2 × 5/3 = 10/3. கணக்கைத் தப்பாகப் பார்த்து எழுதவில்லை என்பது உறுதி. இது நிரூபணம் ஆகாது. ஒரு கோணத்துக்குச் சரியாக இருப்பது எல்லாக் கோணத்துக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிழையைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. (1 + காஸ்)²-ஐ விரிக்கும்போது 2காஸ் விட்டுப்போனால், அந்த வரியின் மதிப்பு 10/3-லிருந்து 50/27-க்குத் தாவும். மதிப்பு எந்த வரியில் மாறுகிறதோ அங்கேதான் தப்பு. முழுக் கணக்கையும் அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டாம். சோதிக்க 45° மட்டும் எடுக்காதீர்கள். அங்கே சைனும் காஸும் சமம், டானும் காட்டும் சமம். இடம் மாறி எழுதியிருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

அடுத்தது பலரைப் பயமுறுத்தும் கணக்கு: (டான் + செக் − 1)/(டான் − செக் + 1) = (1 + சைன்)/காஸ். எல்லாவற்றையும் சைன், காஸ் ஆக மாற்று என்ற பொதுவான அறிவுரை இங்கே நீண்ட பெருக்கலில் கொண்டுபோய் விடும். அதற்குப் பதில் வலப்பக்கத்தைப் பாருங்கள். அதைப் பிரித்தால் செக் + டான். அப்படியானால் தொகுதியில் (செக் + டான்) காரணியாக வந்தாக வேண்டும். ஏற்கெனவே செக் + டான் இருக்கிறது; உறுத்துவது அந்த 1. அதை செக்² − டான்², அதாவது (செக் + டான்)(செக் − டான்) என்று எழுதினால், தொகுதி (செக் + டான்)(1 − செக் + டான்) ஆகிறது. இரண்டாவது அடைப்பு அப்படியே பகுதிதான், அடிபடுகிறது. பகுதியிலுள்ள 1-ஐத் தொடாதீர்கள், இரண்டையும் மாற்றினால் அடிபட எதுவும் இருக்காது. முக்கோணத்தில் சரிபார்த்தால் இருபக்கமும் 2.

ஆறாம் அடுக்கு வந்தாலும் இதே பார்வைதான். சைன்⁶ + காஸ்⁶ என்பதில் அ = சைன்², ஆ = காஸ்² என்று வைத்தால் அ³ + ஆ³ = (அ + ஆ)³ − 3அஆ(அ + ஆ). அ + ஆ = 1 என்பதால் 1 − 3 சைன்² காஸ்² என்று ஒரே வரியில் முடிகிறது.

இருபக்கமும் ஒரே கனமாக இருந்து எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்து 0 என்று காட்டலாம். காஸ்/(1 − சைன்) = (1 + சைன்)/காஸ் என்பதில் கழித்தால் தொகுதி காஸ்² − (1 − சைன்²), அது 0. குறுக்குப் பெருக்கலில் செய்யும் அதே வேலைதான். ஆனால் நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் நடக்கிறது.

வர்க்கமூலம் வந்தால் மட்டும் கூடுதல் கவனம். √((1 − காஸ்)/(1 + காஸ்)) = கொசீக் − காட். மேலும் கீழும் (1 − காஸ்) ஆல் பெருக்கினால் உள்ளே (1 − காஸ்)²/சைன்² வரும், மூலம் எடுத்தால் விடை. ஆனால் 270°-ஐப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1. √சைன்² என்பது சைன் மிகையாக இருக்கும்போதுதான் சைன். அதனால் இந்தக் கணக்கில் “குறுங்கோணத்திற்கு” என்ற ஒரு சொல்லை மூலம் எடுக்கும் வரிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.